புது போனில் ப்ராசஸர் போதுமா? கையில் வந்து போன போன்களை வைத்துச் சொல்லுங்கள்

கோடம்பாக்கம் கோர்

"15 ஆயிரத்துக்குள்ள ஒரு 5ஜி போன் பார்த்து வெச்சிருக்கேன், இந்த ப்ராசஸர் தாங்குமா?" இதே கேள்வி மாடல் பேரை மட்டும் மாத்திக்கிட்டு வந்துக்கிட்டே இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் எழுதி முடியல. அதனால உங்க கையில் வந்து போன போன்களில் என்ன பார்த்தீங்களோ அதை இங்கே போடுங்க. சொந்தக் கதை வேண்டாம். சிப் (அதாவது ப்ராசஸர்) என்ன, ஸ்டோரேஜ் என்ன, எங்கே திணறுச்சு, ஏன். அவ்வளவுதான். "சூப்பர் ப்ரோ", "மொக்கை ப்ரோ" ரெண்டும் யாருக்கும் உதவாது.

நானே ஆரம்பிக்கிறேன். பெட்டியில் "ஆக்டா கோர்" (எட்டு கோர்; கோர்னா ப்ராசஸருக்குள்ள தனித்தனியா கணக்குப் போடுற பகுதி) என்று போட்டிருப்பதைப் பார்த்து எதையும் முடிவு பண்ணாதீங்க. மீடியாடெக் ஹீலியோ ஜி85 சிப்பும் எட்டு கோர்தான், சாம்சங் எக்ஸினோஸ் 1380 சிப்பும் எட்டு கோர்தான். முதலாவதில் பெரிய கோர் ரெண்டு, அதுவும் கார்டெக்ஸ் ஏ75 (பெரிய கோர்களில் இந்த எண் கூடினா புதுத் தலைமுறை), 12 நானோமீட்டர் (சிப் தயாரிப்பு நுணுக்கம், பொதுவா எண் குறைஞ்சா சூடு கம்மி). மீதி ஆறும் சின்ன ஏ55. இரண்டாவதில் ஏ78 நாலு இருக்கு, 5 நானோமீட்டர். ஒரு செயலியை (ஆப்) தொட்டதும் அது எவ்வளவு சீக்கிரம் திறக்குதுன்னு தீர்மானிக்கிறது பெரிய கோர்கள்தான். சின்னது ஆறு சேர்ந்தாலும் அந்த வேலையைச் செய்யாது. அதனால கேட்க வேண்டிய முதல் கேள்வி: பெரிய கோர் எத்தனை, எந்தத் தலைமுறை? 2025-க்கு அப்புறம் வாங்குற போனில் ஏ75 இருந்தா யோசிக்காம விட்டுடுங்க. ஏ76 இருந்தா போன், வாட்ஸ்அப், ஜிபே, யூட்யூப் அளவுக்குச் சரி. ஏ78-லிருந்துதான் மூணு வருஷம் நிம்மதி.

சிந்தாதிரிப்பேட்டை சோல்டர்

ப்ராசஸர் பத்திக் கேட்கிற திரியில் ஸ்டோரேஜைப் பத்திப் பேசுறேன்னு கோச்சுக்காதீங்க. "போன் ஸ்லோ, ப்ராசஸர் போயிடுச்சு"ன்னு சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் என் ரிப்பேர் மேசைக்கு வர்ற போன்களில் பெரும்பாலானதுக்கு நோய் வேற.

நோய் 1: இஎம்எம்சிங்கிற பழைய வகை ஸ்டோரேஜ். இது ஒரு நேரத்தில் படிக்கும், இல்லைன்னா எழுதும். ரெண்டையும் சேர்த்துச் செய்யாது. புது வகையான யுஎஃப்எஸ் ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். இஎம்எம்சி 5.1-இன் இணைப்பு வேகமே விநாடிக்கு 400 எம்பிதான், நடைமுறையில் 250 முதல் 300 கிடைக்கும். யுஎஃப்எஸ் 2.2 ஏறக்குறைய 1000 வரை போகும், 3.1 அதைப் போல இரண்டு மடங்கு. ப்ளே ஸ்டோர் பின்னால் ஏதோ அப்டேட் இறக்கிக்கிட்டு இருக்கும்போது கடைக்காரர் முன்னால் நின்னு ஜிபே திறந்தா வெள்ளைத் திரை நிக்குதில்ல? அதுக்கு ப்ராசஸரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. எழுதுறது முடியட்டும்னு படிக்கிற வேலை வரிசையில் காத்துக்கிட்டு நிக்குது.

நோய் 2: நிரம்பி வழியும் ஸ்டோரேஜ். 64 ஜிபி போனில் 2 ஜிபி மட்டும் பாக்கி இருந்தா எந்தச் சிப்பும் திணறும். பழைய பிளாக்கை அழிச்சு இடம் பண்ணித்தான் புதுசை எழுத முடியும், அதுக்குக் காலி இடம் வேணும். 15 சதவீதமாவது காலியா வையுங்க. முதல்ல பார்க்க வேண்டிய இடம்: வாட்ஸ்அப், செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ். குடும்பக் குழுவின் காலை வணக்கம் வீடியோக்கள் அங்கேதான் குடியிருக்கும்.

நோய் 3: 4 ஜிபி ரேமை "8 ஜிபி வரை"ன்னு விக்கிறது. அந்தக் கூடுதல் 4 ஜிபி ஸ்டோரேஜிலிருந்து வெட்டி எடுத்தது. இஎம்எம்சி போனில் இதை ஆன் பண்ணி வெச்சா ஏற்கெனவே நெரிசலா இருக்கிற இடத்துக்கு இன்னும் கூட்டம் சேர்க்கிறீங்க. செட்டிங்ஸில் ரேம் விரிவாக்கம்னு இருக்கும், அணைச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. யுஎஃப்எஸ் 3.1 இருந்தா பெருசா கெடுதல் இல்லை, ஆனா நிஜ ரேமுக்கு ஈடாகாது.

இன்னொண்ணு. ஒரே மாடலிலேயே ஸ்டோரேஜ் வகை மாறும். கேலக்ஸி எஸ்23-இல் 128 ஜிபிக்கு யுஎஃப்எஸ் 3.1, 256 ஜிபிக்கு 4.0. அவ்வளவு விலை உயர்ந்த போனிலேயே அப்படின்னா மலிவு போன்களில் கேட்டே ஆகணும்.

பெயர்ப்பலகை

சிப்பின் பெயர் எண் பெரிதாக இருந்தால் வேகமும் கூடுதல் என்று நம்பி ஏமாறுபவர்களே அதிகம். சில உறுதியான எடுத்துக்காட்டுகள்:

குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் 6எஸ் ஜென் 3 சிப், 2024-இல் வந்தது. உள்ளே பார்த்தால் 2021-இல் வந்த 695-தான்: அதே 6 நானோமீட்டர், அதே ஏ78 இரண்டு, அதே அட்ரினோ 619 கிராபிக்ஸ். கிளாக் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவே. 6 ஜென் 1 இதைவிடப் பழையது, ஆனால் அதில் ஏ78 நான்கு உண்டு. "ஜென் 3" என்பதைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுத்தவர் பின்னோக்கிப் போயிருக்கிறார்.

7+ ஜென் 2, 7எஸ் ஜென் 2 இரண்டும் 2023-இல் வந்தவை. முதலாவதில் கார்டெக்ஸ் எக்ஸ்2 கோர் இருக்கிறது, விலையுயர்ந்த போன்களுக்கு நெருக்கமாக நிற்கும். இரண்டாவது ஆறு மாதம் கழித்து வந்தாலும் 6 ஜென் 1-க்குத்தான் உறவு; கிராபிக்ஸ் இரண்டிலும் அட்ரினோ 710. ஒரு கூட்டல் குறிக்கும் ஓர் எஸ் எழுத்துக்கும் இடையே அத்தனை தூரம்.

மீடியாடெக் பக்கம் டைமென்சிட்டி 6020 என்பது பழைய 700. 6080 என்பது பழைய 810. 7050 என்பது 1080. 6020, 6080, 6100+, 6300 நான்கையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஏ76 இரண்டு, ஏ55 ஆறு, மாலி ஜி57 எம்சி2 கிராபிக்ஸ். 6080 போனை மாற்றி 6300 போன் வாங்க நினைப்பவர் பேட்டரி பழசாகிவிட்டது என்பதற்காக வாங்கலாம், வேகத்துக்காக அல்ல. இந்த வரிசையிலிருந்து உண்மையாகவே ஒரு படி ஏற வேண்டுமானால் 7300: ஏ78 நான்கு, 4 நானோமீட்டர்.

பெயரை மறந்துவிட்டு மூன்றைக் கேளுங்கள்: பெரிய கோர் எது எத்தனை; எத்தனை நானோமீட்டர்; கிராபிக்ஸ் எது. டெவ்செக் அல்லது சிபியு-இசட் செயலியைப் போட்டால் கோர்களும் கிராபிக்ஸும் நேரடியாகத் தெரியும்.

பல்லாவரம் 60 எஃப்பிஎஸ்

ஆன்டுடு (வேகத்தை எண்ணாக் காட்டுற சோதனைச் செயலி) ஸ்கோர் 5 லட்சம்னா ஓகேவா தலைவா?

பெயர்ப்பலகை

எந்தப் பதிப்பில் எடுத்த 5 லட்சம்? 9-இல் வந்த எண்ணையும் 10-இல் வந்த எண்ணையும் ஒப்பிடவே கூடாது. அதே போன் புதிய பதிப்பில் கூடுதல் எண் காட்டும். விளம்பரங்களில் பதிப்பு எண் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது.

கோடம்பாக்கம் கோர்

மொத்த ஸ்கோரை விட கீக்பெஞ்ச் 6 சோதனைச் செயலியில் சிங்கிள் கோர் (ஒரே கோரின் வேகம்) எண்ணைப் பாருங்க. தினசரி வேலை எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கு. தோராயமா ஜி85 400 சொச்சம், ஹீலியோ ஜி99 700 சொச்சம், ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 900-ஐ ஒட்டி. 1000 தாண்டினா சாதாரண வேலைக்குப் புகார் வராது. கேம் ஆடுறவங்களுக்கு இது பத்தாது, கிராபிக்ஸை வேற சோதனையில்தான் பார்க்கணும்.

ஒரு எச்சரிக்கை. சோதனைச் செயலியை மட்டும் அடையாளம் கண்டு முழு வேகத்தில் ஓடவிட்டு, மற்ற செயலிகளை அடக்கி வைக்கிற வேலை பெரிய கம்பெனிகளிலும் நடந்திருக்கு. 2022 மார்ச்சில் கேலக்ஸி எஸ்22 வரிசையை கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்தே தூக்கினது இதுக்காகத்தான்.

கத்திரி வெயில்

எல்லாரும் சிப்பைப் பத்தியே பேசுறீங்க. நம்ம ஊர் மே மாசத்தைக் கணக்கில் எடுத்துக்கல.

யூட்யூபில் விமர்சனம் பண்றவர் ஏசி அறையில் 24 டிகிரியில் சோதிக்கிறார். அதே போன் மதியம் ரெண்டு மணிக்கு ஜிஎஸ்டி ரோட்டில் பைக் ஹேண்டிலில் மாட்டியிருக்கு: மேப் ஓடுது, வெளிச்சம் முழுசு, 5ஜி ஆன், பவர் பேங்கிலிருந்து சார்ஜும் ஏறுது. டெலிவரி, பைக் டாக்சி ஓட்டுற தம்பிங்க போன்களில் தினம் இதுதான். போன்களை வடிவமைக்கிறதே பொதுவா 35 டிகிரி வரைக்கும் உள்ள சூழலுக்குத்தான். வெயில்ல கருப்புப் பின்பக்கம் சுடும்போது நடக்கிற வரிசை எப்பவும் இதுதான்: முதல்ல திரை வெளிச்சம் தானா குறையும், அப்புறம் பெரிய கோர்களின் வேகம் இறங்கும், பேட்டரி 45 டிகிரியைத் தொடும்போது சார்ஜ் மெதுவாகும் அல்லது நின்னுடும். மேப்பில் அம்புக்குறி ஒரு தெரு தள்ளிக் காட்டுறதும் அப்போதான்.

அதனால பைக்குக்கு வாங்குறவங்களுக்கு நான் சொல்றது: உச்ச வேகம் வேண்டாம், சூடு குறைவான சிப் போதும். 6 நானோமீட்டர் அல்லது அதுக்குக் கீழே, நடுத்தரச் சிப். பழைய ஃப்ளாக்ஷிப் (கம்பெனியின் உச்ச மாடல்) மலிவா கிடைக்குதேன்னு ஸ்னாப்டிராகன் 888-ஐயோ 8 ஜென் 1-ஐயோ ஹேண்டிலில் மாட்டாதீங்க. ரெண்டும் சாம்சங் ஆலையில் செஞ்சது, சூட்டுக்குப் பேர் வாங்கினது. அதே 8 ஜென் 1-ஐ தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்கு மாத்திச் செஞ்ச 8+ ஜென் 1 எவ்வளவோ அடக்கமானது.

வேலை நேரத்தில் செய்ய வேண்டியது: ரப்பர் கவரைக் கழட்டுங்க. திரையின் 120 ஹெர்ட்ஸை (விநாடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்குதுங்கிறது) 60-க்கு இறக்குங்க. சிக்னல் 4ஜி-க்கும் 5ஜி-க்கும் தாவிக்கிட்டே இருந்தா 4ஜி-யில் நிறுத்துங்க, மோடம் தாவுற சூடு கம்மியில்லை. அந்தந்த ஏரியா மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்க. சார்ஜை டீக்கடை நிழலில் நிக்கும்போது போடுங்க.

பல்லாவரம் 60 எஃப்பிஎஸ்

கேம் பக்கம் நான் சொல்றேன். 3டிமார்க் சோதனைச் செயலியில் வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போடுங்க. ஒரு நிமிஷ ஓட்டம், 20 தடவை திரும்பத் திரும்ப. கடைசியில் ஸ்டெபிலிட்டி சதவீதம் வரும். எல்லாரும் அந்தச் சதவீதத்தைப் பார்த்து ஏமாறுவாங்க. ஜி57 எம்சி2 மாதிரி சின்ன கிராபிக்ஸ் 99 சதவீதம் காட்டும், ஏன்னா அது சூடாகுற அளவுக்கு ஓடவே இல்லை. பெரிய சிப் 60 சதவீதத்துக்கு விழுந்தாலும் அந்த விழுந்த எண்ணே சின்னச் சிப்பை விடப் பல மடங்கு. அதனால "லோயஸ்ட் லூப்" (இருபதில் மிகக் குறைஞ்ச சுற்று) எண்ணை ஒப்பிடுங்க. ஃபேனும் ஏசியும் போடாத அறையில் எடுங்க, நம்ம வீட்டுல ஆடப்போறது அப்படித்தானே.

திரையும் கணக்கு. 1080க்கு 2400 திரையில் 720க்கு 1600 திரையை விட 2.25 மடங்கு புள்ளிகள். 120 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமை 8.3 மில்லி விநாடிக்குள் வரையணும், 60-இல் 16.7 கிடைக்கும். சின்ன கிராபிக்ஸுக்கு 720 அளவுள்ள எச்டி+ திரை கொடுத்திருந்தா மூக்கைச் சுளிக்காதீங்க, ஃப்ரீ ஃபயர் அதுலதான் ஒழுங்கா ஓடும்.

திருவான்மியூர் டிரைபாட்

வீடியோ எடுப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. கேமரா 108 மெகாபிக்சல் என்று இருந்தாலும் 4கே (மிகத் துல்லியமான) வீடியோ எடுக்க முடியுமா என்பதைச் சிப்தான் தீர்மானிக்கும். ஸ்னாப்டிராகன் 695-ம் 4 ஜென் 2-ம் 1080பி-யோடு நின்றுவிடும். ஜி99, டைமென்சிட்டி 6300 இரண்டும் 2கே, விநாடிக்கு 30 ஃப்ரேம் வரை. 4கே 30 வேண்டுமென்றால் 6 ஜென் 1, டைமென்சிட்டி 7050, 7300 என்று ஏற வேண்டும். எந்த அப்டேட்டாலும் இது மாறாது.

கடையில் டெமோ போனில் பார்க்கச் சுலபமான சோதனை: எச்டிஆர் ஆன் செய்து பத்து படம் விடாமல் எடுங்கள். உடனே கேலரியைத் திறந்து கடைசிப் படத்தைப் பெரிதாக்குங்கள். மங்கலாகவே நின்று சில விநாடி கழித்துத் தெளிந்தால் அந்தச் சிப்பால் படச் செயலாக்கத்தைச் சமாளிக்க முடியவில்லை. கல்யாண வீட்டில் குழந்தை ஓடும்போது இந்த இரண்டு விநாடிதான் படத்தைத் தின்னும்.

சிந்தாதிரிப்பேட்டை சோல்டர்

5ஜி பத்தி ஒரு வரி. ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 எஸ்ஏ (4ஜி துணை இல்லாம தனியா ஓடுற) 5ஜி மட்டும்தான் பிடிக்கும். ஜியோ எஸ்ஏ. ஏர்டெல் 2022 அக்டோபரில் ஆரம்பிச்சது என்எஸ்ஏ-வில் (4ஜி-யைச் சார்ந்து ஓடுறது). என்எஸ்ஏ பிடிக்காத போனில் ஏர்டெல் சிம் போட்டுட்டு "5ஜி வரலை"ன்னு போனைக் கழட்டச் சொல்றாங்க. கழட்டி ஒண்ணும் ஆகாது. வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டும் இருக்கான்னு பாருங்க.

அப்புறம், ஆன்லைனில் வாங்கினா "மெதுவா இருக்கு"ங்கிறதைப் பொதுவா பழுதா எடுத்துக்க மாட்டாங்க. ஏழு நாள் மாற்றித் தர்றது பழுதுக்குத்தான். அதனால சோதனை எல்லாம் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி.

மெட்ரோ பயணி

12 ஆயிரத்துக்குப் புது 4 ஜென் 2 போனா, அதே விலைக்கு ரெண்டாம் கை ஸ்னாப்டிராகன் 870-ஆ? ஆட்டம் எல்லாம் இல்லைங்க, ஆபீஸ் மெயில், பேங்க், சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ டிக்கெட், அவ்வளவுதான்.

கோடம்பாக்கம் கோர்

வேகத்தில் 870 முன்னால நிக்கும். 2021 சிப்தான், ஆனா ஏ77 நாலு, அதுல ஒண்ணு 3.2 கிகாஹெர்ட்ஸ், டிஎஸ்எம்சி 7 நானோமீட்டர், கூட யுஎஃப்எஸ் 3.1 வந்திருக்கும். ஆனா உங்க வேலைக்கு அந்த வேகம் தேவையே இல்லை. பேங்க் செயலி முக்கியம்னா பாதுகாப்பு அப்டேட் எந்த மாசத்தோட நிக்குதுன்னு பாருங்க, அந்தக் காலத்துப் போன்கள் பலதுக்கும் நின்னுபோச்சு. பேட்டரியும் மாத்த வேண்டி வரும். புதுசையே எடுங்க, 6 ஜிபி ரேமுக்குக் குறையாம.

சிந்தாதிரிப்பேட்டை சோல்டர்

ரெண்டாம் கைதான்னு முடிவானா, காசு கொடுக்கும் முன்னாடி *#06# அடிச்சு ஐஎம்இஐ (போனின் தனி அடையாள எண்) எடுங்க. ஆங்கிலப் பெரிய எழுத்தில் கேஒய்எம் (KYM), ஒரு இடைவெளி, அந்த 15 இலக்க எண். 14422-க்கு எஸ்எம்எஸ். பதிலில் வர்ற மாடல் பேரும் கையில் இருக்கிற போனும் ஒண்ணா இருக்கணும். பிளாக் ஆனதுன்னு வந்தா போனைக் கொடுத்துட்டு நடையைக் கட்டுங்க. டெவ்செக் காட்டுற சிப்பும் அந்த மாடலுக்கு உரியதான்னு சரிபாருங்க, போர்டு மாத்தின போன்கள் அங்கேதான் மாட்டும்.