ஹேட்ரியன் சுவர் நடை: 12 மைலுக்கு நாலு மணி நேரம் போதும் என்கிறது மேப். நம்பலாமா?

லீட்ஸ்வாசி:
வணக்கம். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். வயது 66, ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பார்க்காமல் விமானம் ஏறுவதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறார். அக்டோபர் இரண்டாம் வாரம் இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறேன். கார் உண்டு.

முதல் நாள் சொல்லர்ஃபோர்டில் செஸ்டர்ஸ் கோட்டையைப் பார்த்துவிட்டு ஸ்டீல் ரிக் வரை நடை, சுமார் 12 மைல். மறுநாள் அங்கிருந்து பேர்டோஸ்வால்ட் கோட்டை. இதுதான் திட்டம்.

சிக்கல் என்னவென்றால், போன் மேப்பில் நடைவழி கேட்டால் பி6318 என்ற தார் ரோட்டின் மேலேயே கோடு போடுகிறது. நடுவில் நாலைந்து புள்ளி வைத்துப் பார்த்தேன், மறுபடியும் ரோட்டுக்கே இழுக்கிறது. அப்பாவுக்கு வலது முழங்காலில் கொஞ்சம் வலி உண்டு, ஏறுவதைவிட இறங்கும்போதுதான் அதிகம். அப்புறம், காரை ஒரு முனையில் விட்டுவிட்டு நடந்தால் திரும்பி வந்து எடுப்பது எப்படி?

குன்றேறி:
அந்த ரோட்டில் மட்டும் நடக்காதீர்கள். நடைமேடை கிடையாது, நேர்கோடு என்பதால் வண்டிகள் பறக்கும். 1745இல் நடந்த ஜேக்கபைட் கிளர்ச்சிக்குப் (பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காக எழுந்தது) பிறகு படைகள் போவதற்காகப் போட்ட ரோடு அது. பல இடங்களில் சுவரை இடித்து, அதன் கல்லையே அடித்தளமாகப் போட்டார்கள். ஆக மேப் சொல்வதும் ஒரு வகையில் சரிதான், நீங்கள் தேடும் சுவர் அந்தத் தாருக்கு அடியில்தான் கிடக்கிறது!

நேஷனல் டிரெயில்ஸ் தளத்தில் ஹேட்ரியன் சுவர்ப் பாதைக்கான ஜிபிஎக்ஸ் கோப்பு (வழியைக் கோடாகக் காட்டும் கோப்பு) இருக்கிறது. அதை ஒரு நடைபயண ஆப்பில் ஏற்றி, சிக்னல் இல்லாமலும் திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். காகித மேப் வேண்டுமென்றால் ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் ஓஎல்43. வழிநெடுக ஓக் கொட்டைச் சின்னம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

நாலு மணி நேரக் கணக்கை மறந்துவிடுங்கள். 12ஐ 3ஆல் வகுத்திருக்கிறது, அவ்வளவுதான். பாறை முகட்டில் ஏறி இறங்குவதும், வேலிக் கதவுகளைத் திறந்து மூடுவதும், அப்பா ஒவ்வொரு கல்லிடமும் நின்று பாடம் எடுப்பதும் அதில் இல்லை.

ஒரேமூச்சு:
நான் கிழக்கு முனையான வால்ஸெண்டிலிருந்து மேற்கே பவுனஸ் வரை 84 மைலையும் ஏழு நாளில் முடித்தேன். துண்டு துண்டாகப் பார்ப்பதில் என்ன சுவாரஸ்யம்?

ஹெக்ஸம்_அக்கா:
ஒரேமூச்சுத் தம்பி, அவர் முழங்கால் வலியோடு வரும் அப்பாவுக்கு வழி கேட்கிறார்.

லீட்ஸ்வாசி, அந்த 12 மைலை விட்டுவிடுங்கள். சொல்லர்ஃபோர்டிலிருந்து முதல் பாதியில் சுவர் அங்கங்கே கொஞ்சம்தான் தெரியும், மீதி வயலும் பள்ளமும் ரோட்டுச் சத்தமும். செஸ்டர்ஸையும் காராபர்க்கில் உள்ள சின்ன மித்ராஸ் (ரோமானியப் படைவீரர்கள் வணங்கிய தெய்வம்) கோயிலையும் காரில் போயே பார்த்துக்கொள்ளலாம்.

நடக்க வேண்டியது ஸ்டீல் ரிக் முதல் ஹவுஸ்டெட்ஸ் கோட்டை வரை. மூன்று மைல் சொச்சம்தான், ஆனால் படங்களில் பார்க்கும் சுவர் இதுதான். காரை ஹவுஸ்டெட்ஸில் நிறுத்திவிட்டு ஏடி122 பஸ்ஸில் 'தி சில்' பார்வையாளர் மையத்தில் இறங்கி, அரை மைல் மேடேறினால் ஸ்டீல் ரிக். அங்கிருந்து காரை நோக்கி நடந்து வாருங்கள். இதில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டிய பயம் இல்லை. (சுவர் கட்டத் தொடங்கிய கி.பி. 122தான் பஸ் எண். யாரோ ரசித்து வைத்திருக்கிறார்கள்.) பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும், போகும் நாளின் அட்டவணையைப் பாருங்கள்.

இந்தத் திசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பீல் பாறையின் செங்குத்துப் படிகள் ஆரம்பத்திலேயே ஏற்றமாக வரும். எதிர்த்திசையில் வந்தால் களைத்த காலோடு அதே படிகளில் இறங்க வேண்டும். இடையிலும் இறக்கங்கள் இருக்கின்றன. கால் ஒத்துழைக்காவிட்டால் சுவருக்குத் தெற்கே ரோமானியர்களின் பழைய மிலிட்டரி வே புல்வழியாகக் கிடக்கிறது, அதில் இறங்கிவிடுங்கள். மேடு பள்ளம் குறைவு. ஊன்றுகோல் கட்டாயம். முகட்டில் கடை, கழிப்பறை எதுவும் இல்லை. சுவர்மேல் ஏறி நடக்க வேண்டாம்.

மறுநாள் பக்கத்திலிருக்கும் ரோமானியக் கோட்டையான விண்டோலண்டா போங்கள். அங்கே மண்ணுக்குள் கிடைத்த மெல்லிய மர ஏடுகளை அப்பாவிடம் சொல்லுங்கள். அதில் ஒன்றில், 2 தெனாரியஸுக்கு (ரோமானிய வெள்ளிக்காசு) வாங்கிய மிளகு கணக்கில் எழுதியிருக்கிறது.

லீட்ஸ்வாசி:
அக்கா, மிளகு விஷயத்தைச் சொன்னதும் பேர்டோஸ்வால்டை அப்பாவே ரத்து செய்துவிட்டார். சுவரின் பள்ளத்தில் தனியாக நின்ற அந்தப் பிரபலமான சிகமோர் கேப் மரம் இப்போது எப்படி இருக்கிறது?

குன்றேறி:
2023 செப்டம்பரில் வெட்டிவிட்டார்களே. அடிக்கட்டையிலிருந்து அடுத்த வருடமே துளிர் வந்தது. இடம் அதே வழியில்தான், தாண்டித்தான் போவீர்கள்.

லீட்ஸ்வாசி:
போய்விட்டு வந்தோம், மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன். பஸ் யோசனை கச்சிதம். மூன்று மைலுக்கு எங்களுக்கு நாலரை மணி நேரம் ஆனது! பீல் படிகளில் அப்பா நாலு தடவை நின்றார், ஒரு தடவை மூச்சுக்காக, மூன்று தடவை கீழே தெரிந்த கிராக் லாக் ஏரிக்காக. சிகமோர் கேப் தாண்டியதும் முழங்கால் முணுமுணுக்க ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் மிலிட்டரி வேயில் நடந்தோம். ஜிபிஎக்ஸ் காட்டிய வழியை விட்டு விலகியதும் ஆப் கத்திக்கொண்டே இருந்தது, அணைத்துவிட்டேன்.

ஹவுஸ்டெட்ஸில் எல்லாரும் ரோமானியர் கழிப்பறையைச் சுற்றி நின்றார்கள். அப்பா மட்டும் கிழக்கு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வாசல் கல்லில் வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் பள்ளமாக இருக்கிறது. அதில் இரண்டு விரலை வைத்து இழுத்துப் பார்த்தவர், "மாட்டு வண்டித் தடம் மாதிரியே இருக்குடா" என்றார். எழுப்பத்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் மேற்கு முனையான பவுனஸ் பக்கம் போக வேண்டுமாம். அங்கே மேடு இல்லைதானே?

ஹெக்ஸம்_அக்கா:
மேடு இல்லை, ஆனால் கடல் இருக்கிறது. டைக்ஸ்ஃபீல்டுக்கும் டிரம்பர்குக்கும் நடுவே சதுப்பு நிலத்து ரோடு பெரிய ஓதத்தில் (கடல் நீர் ஏறும்போது) மூழ்கிவிடும். ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.