35 டிகிரி ஹாலில் ஈஎல்34 ஆம்ப்: காற்றைத் தள்ளுவதா, வோல்டேஜைக் குறைப்பதா?

தாம்பரம்_வால்வு:
சீனத் தயாரிப்பு வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப். சேனலுக்கு இரண்டு ஈஎல்34 பவர் வால்வு, புஷ்-புல் (இரண்டும் மாறி மாறி வேலை செய்யும் ஜோடி), ஃபிக்ஸட் பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் வால்வில் ஓடும் கரண்டைத் தனி வோல்டேஜால் நிர்ணயிப்பது). ட்ரான்ஸ்ஃபார்மரில் 220 வோல்ட் என்று போட்டிருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சுவர் பிளக்கில் 245 வருகிறது. ஆம்ப் இருப்பது டிவி ஷோகேஸில்: மூன்று பக்கமும் பலகை, தலைக்கு மேல் 12 செ.மீ. இடைவெளி. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் வெளியே வைக்க முடியாது. மே மாதம் ஹாலே 35 டிகிரி. ஒரு மணி நேரம் ஓடினால் ட்ரான்ஸ்ஃபார்மர் மூடியில் கை வைக்க முடியவில்லை. ஃபேன் வைக்கட்டுமா, பயாஸைக் குறைக்கட்டுமா, ஏசி போட்டால் போதுமா?

காற்றாடி:
ஃபேன்தான், யோசிக்கவே வேண்டாம். ஒரு ஈஎல்34 ஹீட்டர் (வால்வுக்குள் சூடாக்கும் இழை) மட்டும் 6.3 வோல்ட், 1.5 ஆம்பியர், அதாவது 9.5 வாட். நாலுக்கு 38. பிளேட்டில் (வால்வுக்குள் கரண்டை வாங்கும் தகடு) ஆளுக்கு 20 வாட் என்று வைத்தால் 80. சின்ன வால்வுகள், ட்ரான்ஸ்ஃபார்மர் இழப்பு எல்லாம் சேர்த்து 150 வாட் அந்தப் பெட்டிக்குள் கொட்டுகிறது. ஷோகேஸ் காற்று ஹாலைவிட 8 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்றால் நிமிடத்துக்கு 33 கன அடி காற்று வெளியேற வேண்டும். 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு, 12 வோல்ட் ஃபேனை 7 வோல்ட்டில் ஓட்டுங்கள், சத்தம் கேட்காது. பின்பலகையின் மேல் விளிம்பில், வெளியே தள்ளுகிற மாதிரி மாட்டுங்கள். காற்று நுழைய கீழே அதே அளவு திறப்பு கட்டாயம். அது இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும்.

ஓம்விதி:
நோயை விட்டுவிட்டு விசிறிக்கொண்டிருக்கச் சொல்கிறீர்கள். 220க்குச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மருக்கு 245 கொடுத்தால் ஹீட்டரில் 7.0 வோல்ட். 10 விழுக்காடு கூடுதல் என்ற எல்லையே 6.93தான். பிளேட்டுக்குப் போகும் 450 வோல்ட் சப்ளை 500 ஆகும். பயாஸ் சப்ளையும் கூடவே ஏறினாலும் கரண்ட் கூடத்தான் செய்யும். 16 வாட்டில் நிற்க வேண்டிய பிளேட் 21க்குப் போகும், அதன் உச்சவரம்பு 25. உங்கள் கணக்கில் 20 வாட் என்று வந்ததே இதனால்தான். போதாததற்கு இரும்புக் கோர் காந்தச் செறிவை (இதற்கு மேல் காந்தம் ஏறாத நிலை) நெருங்கி, அதைக் காந்தமாக்க இழுக்கும் மேக்னடைசிங் கரண்ட் கூடி, ட்ரான்ஸ்ஃபார்மர் தானாகவே கொதிக்கும். கை வைக்க முடியாத மூடிக்கு அதுவே காரணம் என்பேன். ஃபேன் அதை ஆற்றும், தீர்க்காது.

சாலிட்ஸ்டேட்_சாமி:
அதிகம் சூடாகாத கிளாஸ்-டி ட்ரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று வாங்கினால் மூன்று கேள்விக்கும் ஒரே பதில். 🙂

தாம்பரம்_வால்வு:
சாமி, அந்தத் திரி தனியாக ஓடுகிறது, அங்கே வாங்க. ஓம்விதி சார், வோல்டேஜை எப்படிக் குறைப்பது? ஸ்டெபிலைசர் போதாதா?

ஓம்விதி:
ரிலே ஸ்டெபிலைசர் படிப்படியாகத் தாவும், ஒவ்வொரு தாவலுக்கும் ஸ்பீக்கரில் ‘டக்’. மோட்டாரால் சீராக மாற்றும் சர்வோ வாங்கினாலும் 230க்கு செட் செய்துதான் வரும். மலிவான வழி பக்கிங், அதாவது சின்ன ட்ரான்ஸ்ஃபார்மரின் வோல்டேஜை மெயின்ஸிலிருந்து கழிப்பது. 230க்கு 24 வோல்ட், 2 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். பிரைமரியை மெயின்ஸுக்குக் குறுக்கே கொடுங்கள். செகண்டரியை ஆம்புக்குப் போகும் ஃபேஸ் ஒயரில் தொடராகப் போடுங்கள். ஆம்பை இணைக்குமுன் மீட்டரில் பாருங்கள்: 245 இருக்கும்போது 219, 220 காட்டினால் சரி. 270 காட்டினால் செகண்டரி முனைகளை மாற்றுங்கள். முன்னால் ஃப்யூஸ், எர்த் செய்த இரும்புப் பெட்டி. எர்த் ஒயர் எங்கும் அறுபடாமல் நேராகப் போகட்டும். மெயின்ஸில் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் பயாஸ். அரை மணி நேரம் சூடானபின், கேத்தோடில் (வால்வில் எலக்ட்ரான் கிளம்பும் முனை) இருக்கும் 10 ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 400 மில்லிவோல்ட், அதாவது 40 மில்லிஆம்பியர். அதில் நாலைந்து ஸ்கிரீன் என்ற இன்னொரு முனைக்குப் போய்விடும், மிச்சம்தான் பிளேட்டுக்கு. 450 வோல்ட்டில் அது 16 வாட், வரம்பில் 65 விழுக்காடு. வெயிலுக்கு பயந்து 25 மில்லிஆம்பியருக்கு இறக்காதீர்கள். மெல்லிய ஒலியில் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் (ஒரு வால்விலிருந்து மற்றதுக்கு மாறும் இடத்தில் வரும் ஒலிச் சிதைவு) காதில் குத்தும்.

காற்றாடி:
பக்கிங்கை நான் மறுக்கவில்லை. நீங்கள் சொன்னதெல்லாம் செய்தாலும் மிச்சம் 125 வாட். மூடிய பெட்டிக்குள் அதுவும் அடுப்புதான். ஃபேன் இல்லாமல் எங்கே போகும்?

ஓம்விதி:
பின்பலகையைக் கழற்றி, மேல்தட்டில் கம்பி வலை போட்டால் தானாக மேலே போகும். ஃபேன் தூசியை இழுத்துவரும். ஆக்டல் (எட்டு முனை) சாக்கெட்டில் ஈஎல்34இன் 2ஆம் முனை ஹீட்டர், 3ஆம் முனை பிளேட். அடுத்தடுத்த முனைகளுக்கு நடுவே 450 வோல்ட். தூசியோடு சென்னை ஈரக்காற்றும் சேர்ந்தால் அங்கே தீப்பொறி ஓடி, கரிக்கோடு விழும். கரி பிடித்த பேக்லைட் சாக்கெட்டைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இன்னொன்று, சூடான கண்ணாடியில் குளிர்ந்த காற்று அடிப்பதும் நல்லதல்ல.

காற்றாடி:
கடைசி வரி கட்டுக்கதை. ஹாம் ரேடியோக்காரர்கள் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) டிரான்ஸ்மிட்டரில் வைக்கும் 3-500இசட் கண்ணாடி வால்வுக்கு புளோவர் இல்லாமல் இயக்கக்கூடாது என்றே தயாரிப்பாளர் குறிப்பு இருக்கிறது. தண்ணீர் தெளித்தால் உடையும். 35 டிகிரி காற்றுக்கு உடையாது. தூசி விஷயம் நியாயம்தான். காற்று நுழையும் பக்கம் ஏசி ஃபில்டர் வலையை வெட்டி ஒட்டுங்கள், மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

கிரிட்_லீக்:
இரண்டு பேரும் வால்வையே பார்க்கிறீர்கள். 200 டிகிரி பக்கம் கொதிக்கிற கண்ணாடிக்கு ஹால் 25ஆ 35ஆ என்பது பெரிய பொருட்டில்லை. பிளேட் வெப்பத்தைக் கதிர்வீச்சாகத்தான் விடுகிறது. சாவது சேஸிஸுக்குள் (வால்வுக்குக் கீழே உள்ள உலோகப் பெட்டி) இருப்பவை.

முதலில் சப்ளையைச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. 85 டிகிரி, 2000 மணி நேரம் என்று அச்சிட்டது 75இல் 4000 மணி நேரம். தினம் ஆறு மணி நேரம் கேட்டால் இரண்டு வருஷம்கூட வராது. 105 டிகிரி, 5000 மணி நேர வகைக்கு மாற்றினால் அதே 75இல் 40,000. இதற்கு ஆகும் செலவு நல்ல ஈஎல்34 ஜோடியைவிடக் குறைவு. வோல்ட் ரேட்டிங்கை மட்டும் குறைக்காதீர்கள்.

இரண்டாவது கப்ளிங் கண்டென்சர்: முன் வால்விலிருந்து பவர் வால்வின் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) ஒலியைக் கடத்துவது. சூட்டில் கசிவு கூடும். கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறி, கரண்ட் கூடி, பிளேட் சிவக்கும். வெயில் காலத்தில் ‘திடீரென்று பயாஸ் ஓடிவிட்டது’ என்கிற புகாரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஒரு மணி நேரம் ஓட்டி, அணைத்து, ஒரே ஒரு பவர் வால்வைக் கழற்றிவிட்டு ஆம்பை மறுபடி ஆன் செய்யுங்கள். காலி சாக்கெட்டின் 5ஆம் முனையில் (கிரிட்) இருக்கும் வோல்டேஜும், கிரிட் ரெசிஸ்டரின் மறுமுனையில் வரும் பயாஸ் வோல்டேஜும் ஒன்றாக இருக்க வேண்டும். மீட்டரும் கொஞ்சம் இழுக்கும். அதையும் தாண்டி அரை வோல்ட்டுக்கு மேல் பாசிட்டிவ் பக்கம் நகர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். உள்ளே கை வைக்குமுன் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் கண்டென்சரை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்தபின்தான் தொட வேண்டும்.

ஆகவே காற்று கண்ணாடிக்கு அல்ல, சேஸிஸுக்கு அடியில் போக வேண்டும். கால்களை 25 மி.மீ. உயர்த்துங்கள். அடித்தகட்டில் துளை இல்லையென்றால் போடுங்கள்.

தாம்பரம்_வால்வு:
அப்ப ஏசி?

கிரிட்_லீக்:
ஒரு டன் ஏசிக்கு 3,500 வாட் திறன். ஆம்பின் 150 அதற்குச் சுமையே இல்லை. ஆனால் ஷோகேஸ் மூடியிருந்தால் ஹாலில் 10 டிகிரி குறைவது உள்ளேயும் 10 டிகிரிதான் குறைக்கும். உள்ளே தேங்கும் சூடு தேங்கியபடியே இருக்கும். போட்டால் நல்லது, அதை நம்பி இருக்காதீர்கள்.

தாம்பரம்_வால்வு:
சரி, பக்கிங், பின்பலகை, 25 மி.மீ. கால், 105 டிகிரி கண்டென்சர். இந்த வரிசையில் செய்து, அளந்துவிட்டு ஃபேனை முடிவு செய்கிறேன். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதுமா?

கிரிட்_லீக்:
பளபள உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். மூடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதைக் குறிவைத்து அளங்கள். இரண்டு மணி நேரம் ஓடியபின் 65க்குள் நின்றால் ஃபேன் வேண்டாம்.

காற்றாடி:
நிற்காது, பார்க்கலாம். ஃபேன் மாட்டும்போது ஹீட்டர் வைண்டிங்கிலிருந்து மட்டும் கரண்ட் எடுக்காதீர்கள். ஃபேன் மோட்டாரின் ஸ்விட்சிங் இரைச்சல் ஈசிசி83 என்ற சின்ன வால்வு வழியாக ஸ்பீக்கருக்கே வந்துவிடும். தனி அடாப்டர்.

ஓம்விதி:
220 வோல்ட் கொடுத்தால் 65க்குள் நிற்கும். அளந்து போடுங்கள் தம்பி, காற்றாடி பார்க்கட்டும்.