ஸ்பானிஷ் டிராஜெடி: ஹிரோனிமோ ஏன் இவ்வளவு தாமதிக்கிறார்?

கடைசிபெஞ்ச்:
தாமஸ் கிட் எழுதிய பழைய ஆங்கில நாடகம் ஸ்பானிஷ் டிராஜெடியை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். கதை பிடிபடுகிறது, ஆட்கள்தான் பிடிபடவில்லை. ஹிரோனிமோவின் மகன் ஹொரேஷியோவைக் கொன்றது யார் என்று அவனுடைய காதலி பெல்-இம்பீரியா ரத்தத்திலேயே கடிதம் எழுதிப் போடுகிறாள். அதற்குப் பிறகும் ஹிரோனிமோ சும்மா இருப்பது ஏன்? அவள் ஹொரேஷியோவை உண்மையிலேயே காதலித்தாளா, போரில் செத்துப்போன முதல் காதலன் ஆந்திரேயாவுக்காகப் பழிவாங்க அவனைப் பயன்படுத்தினாளா? கொலையில் கையே வைக்காத காஸ்டீல் பிரபுவை (அரசரின் தம்பி, பெல்-இம்பீரியாவின் அப்பா) ஹிரோனிமோ கடைசியில் ஏன் குத்தவேண்டும்? கைடுகள் எல்லாம் "துக்கத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன.

மூன்றாம்மணி:
முதலில் ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: காட்சி, ஆள், அவருக்கு என்ன வேண்டும், அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும். நான்காவது பத்தியில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். கொலையை இரண்டாம் அங்கத்தில் நாம் கண்ணால் பார்த்துவிட்டோம், ஹிரோனிமோ பார்க்கவில்லை. நமக்குத் தெரிந்ததை அவர் தலையில் ஏற்றிவிட்டு "ஏன் தாமதம்" என்று கேட்கக்கூடாது.

கடிதம் வரும் இடத்தை (3ஆம் அங்கம், 2ஆம் காட்சி) மெதுவாகப் படியுங்கள். மேலிருந்து ஒரு தாள் விழுகிறது. சாட்சி யாருமில்லை. அது குற்றம்சாட்டுவது அரசரின் தம்பி மகன் லொரென்சோவையும் போர்ச்சுகல் இளவரசன் பால்தசாரையும். எழுதியிருப்பவளோ லொரென்சோவின் சொந்தத் தங்கை. அண்ணனை அவள் ஏன் காட்டிக்கொடுக்கவேண்டும்? தன்னைச் சிக்கவைக்க யாரோ விரித்த வலை என்று அவர் நினைக்கிறார். அவர் வேலையே நீதிபதி வேலை, அரசவை எல்லைக்குள் நடக்கும் குற்றங்களை விசாரிக்கும் மார்ஷல். ஆகவே விசாரிக்கப் போகிறார். பெல்-இம்பீரியாவைத் தேடி அவர் வந்து கேட்டதுமே லொரென்சோ உஷாராகிவிடுகிறான். கொலையில் கூட இருந்த பால்தசாரின் வேலைக்காரன் செர்பரீன் உளறிவிட்டான் என்று கணக்குப்போட்டு அவனைத் தீர்க்க ஏற்பாடு செய்கிறான். ஹிரோனிமோவின் ஜாக்கிரதையே அடுத்த கொலையைக் கிளப்பிவிடுகிறது.

கொலையில் உடந்தையான பெல்-இம்பீரியாவின் வேலைக்காரன் பெட்ரிங்கானோ எழுதிய, கொலைகாரர்களைக் காட்டிக்கொடுக்கும் கடிதம் கையில் கிடைக்கும் 7ஆம் காட்சி வரை நடப்பதைத் தாமதம் என்று சொல்லமுடியாது, அது விசாரணை. உண்மையான முட்டுக்கட்டை 12ஆம் காட்சியில் வருகிறது. அரசரிடம் நீதி கேட்கப் போகிறார். ஹொரேஷியோ செத்ததே அரசருக்குத் தெரியாது! போரில் பால்தசாரைப் பிடித்ததற்காக அவனுக்குச் சேரவேண்டிய மீட்புப் பணத்தைப் போர்ச்சுகல் தூதர் கொண்டுவந்து நிற்கிறார். மகன் பெயர் காதில் விழுந்ததும் ஹிரோனிமோ உடைந்துபோய், குறுவாளால் தரையைத் தோண்ட ஆரம்பிக்கிறார். குற்றவாளியின் பெயரை அவர் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. அந்த இடைவெளியில் லொரென்சோ நுழைந்து, மகனைப் பற்றிய கர்வமும் அந்தப் பணத்தின் மேல் ஆசையும் சேர்ந்து புத்தி கலங்கிவிட்டது என்று கதைகட்டிவிடுகிறான். அரசர் முன்னால் பைத்தியம் என்ற அந்த முத்திரையைக் குத்துவது கொலைகாரன்தான். கைடுகள் அதையே திருப்பிச் சொல்வது வேதனை.

அடுத்த காட்சியில் அவர் பேச்சின் முதல் இரண்டு சொல் பைபிளின் லத்தீன் வாசகம்: பழிவாங்குவது என்னுடையது என்று கடவுள் சொன்னது. ஆனால் கையிலிருக்கும் புத்தகம் பழைய ரோமானிய நாடகாசிரியர் செனெகா எழுதியது. குற்றத்துக்குப் பாதுகாப்பான வழி இன்னொரு குற்றம்தான் என்கிற வரியை அதிலிருந்து படிக்கிறார். அந்த ஒரே பேச்சுக்குள் அவர் கடவுளிடமிருந்து செனெகாவின் பக்கம் போய்விடுகிறார்.

ஒப்பனைஅறை:
மேலே சொன்னது சரி. லொரென்சோவையும் சேர்த்துப் பாருங்கள், இல்லாவிட்டால் பாதிதான் புரியும். தன் வெறுப்புக்கு அவன் விளக்கமே தருவதில்லை, செய்கையில்தான் பிடிக்கவேண்டும். போரில் பால்தசாரைப் பிடித்தது யார் என்று ஹொரேஷியோவோடு தகராறு. தங்கையைப் பால்தசாருக்குக் கட்டிவைத்தால் ஆண்பிள்ளை பிறந்து ஸ்பெயின் சிம்மாசனம் ஏறும். குறுக்கே நிற்பவன் ஒரு நீதிபதியின் மகன். அவனைத் தூக்கில் தொங்கவிட்டுவிட்டு, உயிரோடு இருந்தபோது உயரப் பார்த்தான், இப்போது உச்சத்தில் இருக்கிறான் என்று லொரென்சோ கேலி பேசுகிறான். அந்தக் கேலியில் தெரிவது அந்தஸ்துத் திமிர்.

காலிப் பெட்டி காட்சியை விட்டுவிடாதீர்கள். செர்பரீனைச் சுட்ட பெட்ரிங்கானோவுக்கு மன்னிப்புப் பத்திரம் வருகிறது என்று சொல்லி லொரென்சோ ஒரு பையனிடம் பெட்டி கொடுத்தனுப்புகிறான். பையன் வழியில் திறந்துபார்க்கிறான், உள்ளே ஒன்றுமில்லை. சொன்னால் தன் தலை போகும் என்று வாயை மூடிக்கொள்கிறான். பெட்ரிங்கானோ அந்தப் பெட்டியை நம்பித் தூக்குமேடையில் நக்கலடித்துக்கொண்டே சாகிறான். தண்டனை கொடுத்தவர் ஹிரோனிமோ! மகனைக் கொன்றதில் உடந்தையாக இருந்தவன், உயிரோடிருந்தால் சாட்சி. தெரியாமல் அவரே தூக்கில் போட்டுவிட்டார். லொரென்சோ அவன் வாயை அடைத்தானே தவிர, அவனிடமிருந்த கடிதத்தை மறந்துவிட்டான். அதைத் தூக்கிலிடுபவன் எடுத்துவந்து கொடுக்கிறான்.

பெல்-இம்பீரியா விஷயத்தில் "இதுவா அதுவா" என்று பிரிக்கவேண்டாம். இரண்டாம் காதல் என் பழிக்கு உதவும் என்று முதல் அங்கத்திலேயே அவள் வெளிப்படையாகச் சொல்கிறாள். ஆனால் தோட்டத்துப் பந்தலில் அவனைத் தாக்கும்போது, அவனை விட்டுவிடுங்கள், அவனுக்காக நான் சாகிறேன் என்று கதறுகிறாள். பழிவாங்குவதற்காக ஹிரோனிமோ அரசவையில் போடும் கடைசி நாடகத்தில் (நாடகத்துக்குள் நாடகம், அதில் விழும் குத்துகள் நிஜம்) அவள் சாகக்கூடாது என்றுதான் ஹிரோனிமோ ஏற்பாடு செய்திருந்தார். ஹொரேஷியோ மேலிருந்த காதல்தான் அவளைத் தன்னையே குத்திக்கொள்ள வைத்தது என்று அவரே பிற்பாடு சொல்கிறார்.

கடைசிபெஞ்ச்:
பெட்டிக் காட்சியைச் சும்மா சிரிப்புக்காக வைத்தது என்று தாண்டிவிட்டேன். சரி, காஸ்டீல்?

மூன்றாம்மணி:
மூன்று இழை இருக்கிறது. மகனின் பிணத்தைத் திரை விலக்கிக் காட்டியபடி, உங்களுக்கு உங்கள் பிள்ளை எப்படியோ எனக்கு என் ஹொரேஷியோ அப்படி என்கிறார். அந்த வலி லொரென்சோவின் அப்பாவையும் தொடவேண்டும். இரண்டாவது, ஆந்திரேயாவோடு இருந்த காதலுக்காக மகள் மேல் பழைய கோபம் காஸ்டீலுக்கு உண்டு. முடிவில் ஆந்திரேயாவின் ஆவி அவரையும் எதிரிக் கணக்கில் சேர்த்து, கிரேக்கப் புராணத்தில் பாதாளத்தில் கழுகு கொத்தும் அரக்கன் டிட்டியஸின் இடத்தில் போடச் சொல்கிறது. மூன்றாவது, அரசருக்கு வாரிசு இல்லை, தம்பியும் போனால் வம்சம் அறுந்தது. இதில் முதல் இழைதான் ஹிரோனிமோவின் வாயிலிருந்தே வருவது, அதற்குத்தான் எடை அதிகம். 14ஆம் காட்சியில் காஸ்டீல் மகனைக் கண்டித்து ஹிரோனிமோவோடு சமாதானம் செய்துவைக்கிறார். அதனால் அந்தக் குத்து நியாயம் என்று எந்த இழையை வைத்தும் வாதாட முடியாது. கத்தி எப்படிக் கிடைத்தது என்பதையும் கவனியுங்கள். நாக்கைக் கடித்துத் துப்பிய பிறகு எழுதிக்காட்டச் சொல்கிறார்கள். பேனா சீவக் கத்தி வேண்டும் என்று சைகை காட்டி வாங்கி, அந்தக் கத்தியாலேயே குத்துகிறார்.

ஒப்பனைஅறை:
உங்கள் கையிலிருப்பது எந்தப் பதிப்பின் பாடம் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாடகம் முதலில் அச்சானது 1592 வாக்கில். 1602 பதிப்பில் 5 இடங்களில் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள், அந்தப் பகுதிகளில் ஹிரோனிமோவின் புத்திக்கலக்கம் நன்றாகவே கூடுகிறது. ஓவியர் ஒருவர் வந்து பேசும் காட்சி இருந்தால் உங்களுடையது சேர்க்கை உள்ள பாடம். அந்தப் பகுதிகளைப் பென்சிலால் கோடிட்டுத் தள்ளிவைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ஒரு தடவை வாசியுங்கள்.