ஸ்னோ ஒயிட் கதையில் வரும் சித்தியை மாற்றிச் சொல்லலாமா?

மழைமேகம்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, இன்றுதான் எழுதுகிறேன். எனக்குத் திருமணமாகி இரண்டு வருடம். அவருக்கு இது இரண்டாம் திருமணம். முதல் மனைவி தவறிவிட்டார், ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். முதலில் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டாள். போன பொங்கலுக்கு அப்புறம் யாரும் சொல்லித் தராமலே சித்தி என்று கூப்பிட ஆரம்பித்தாள், அன்றைக்கு நான் அடுப்படியில் நின்று அழுதது அவளுக்குத் தெரியாது.

ராத்திரி கதை படிப்பது என் பொறுப்பு. போன வாரம் பள்ளி நூலகத்திலிருந்து ஸ்னோ ஒயிட் படக்கதை எடுத்து வந்தாள். இரண்டாம் பக்கத்திலேயே "பொல்லாத சித்தி" என்று வந்துவிட்டது. நான் சட்டென்று "பொல்லாத ராணி" என்று மாற்றிப் படித்தேன். அவளுக்குத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியுமே! அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, "இங்க சித்தின்னு போட்டிருக்கே" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். நான் பேசாமல் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

காலங்காலமாக வருகிற கதை, அதில் நாம் கை வைக்கக் கூடாது என்கிறார் மாமியார். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கதையை மாற்றிச் சொல்வது தப்பா?

பழையபுத்தகம்:

சகோதரி, முதலில் ஒன்று. அந்தக் கதையில் சித்தி காலங்காலமாக இருந்தவள் இல்லை. ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்கிற ராணி அவளைப் பெற்ற தாய். பனி மாதிரி வெள்ளையாக ஒரு பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டாளே, அவளேதான். 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் பெற்றவள் பிரசவத்தோடு இறந்துபோகிறாள், ராஜா இன்னொருத்தியைக் கட்டுகிறார். ஹான்சல், கிரெட்டல் கதையிலும் இதே வேலை நடந்தது. பிள்ளைகளைக் காட்டில் கொண்டுபோய் விடச் சொன்ன அம்மா 1840 பதிப்பில் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள்.

முதல் பதிப்பு உண்மையில் குழந்தைகளுக்காகச் செய்த புத்தகம் இல்லை, படம் கிடையாது, ஆராய்ச்சிக் குறிப்புகள் நிறைய. ஆனால் வீடுகளில் பிள்ளைகளுக்கு வாசிக்க வாங்கினார்கள், இதெல்லாம் பிள்ளைகள் கேட்கிற கதையா என்று கண்டனம் வந்தது. முதல் பதிப்பையும் சேர்த்து 1857 வரை ஏழு பதிப்புகள், அண்ணன் தம்பியில் இளையவரான வில்ஹெல்ம் ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டே இருந்தார். கோபுரத்தில் அடைபட்டுக் கிடக்கிற ரபுன்ஸல், முதல் பதிப்பில் தன்னை அடைத்து வைத்தவளிடம் "என் உடுப்பெல்லாம் ஏன் இறுக்கமாகிறது" என்று கேட்டுத்தான் மாட்டிக்கொள்கிறாள், அவள் கர்ப்பம் என்று பெரியவர்களுக்குப் புரியும். அதை எடுத்துவிட்டார்கள். அதே நேரத்தில் சிண்ட்ரெல்லாவின் அக்காமார் கண்ணைப் புறாக்கள் கொத்துவதைப் புதிதாகச் சேர்த்தார்கள். பிள்ளைகளுக்குக் கர்ப்பம் ஆகாது, கண்ணைப் பிடுங்குவது ஆகும் என்று அந்தக் காலத்துக்குப் பட்டிருக்கிறது.

இதில் எனக்கு உறுத்துவது இதுதான். அம்மா என்ற சொல்லுக்குக் களங்கம் வரக்கூடாது என்று நினைத்தார்கள், அந்தப் பழியை இறக்கிவைக்க ஒரு தலை தேவைப்பட்டது. இருநூறு வருடம் கழித்து அது உங்கள் வீட்டுக் கட்டில்வரை வந்து நிற்கிறது. தாராளமாக மாற்றுங்கள்.

வேப்பமரத்தடி:

நான் முப்பது வருடம் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுத்தவள் அம்மா. நமக்கும் இது புதுசில்லை. நல்லதங்காள் கதையில் ஏழு பிள்ளைகளோடு பசியில் வந்தவளை விரட்டுவது அண்ணன் பெண்டாட்டி மூளி அலங்காரி. அங்கே சித்தி, இங்கே அண்ணி, எப்போதும் வெளியிலிருந்து வந்த பெண்தான் கெட்டவள். பேப்பரில் பாருங்கள், டெல்லி நிதி தரவில்லை என்றால்கூட "மாற்றாந்தாய் மனப்பான்மை" என்றுதான் எழுதுகிறார்கள். அதைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு அந்தச் சொல்லே ஒரு குற்றமாகப் பதிந்துவிடாதா.

ஆனால் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். காக்கா வடை கதையை நான் சின்ன வயதில் கேட்டபோது காக்கா ஏமாந்து போகும், புகழ்ச்சிக்கு மயங்காதே என்று முடிப்பார்கள். இப்போது பிள்ளைகள் சொல்கிற கதையில் காக்கா வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடுகிறது, நரி ஏமாந்து போகிறது. கெட்டிக்காரக் காக்கா என்று கை தட்டுவார்கள். ஒருமுறை கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், பாட்டிக்கு வடைக் காசு யார் குடுப்பா?" என்று கேட்டான். அவனுடைய அம்மா பேருந்து நிலையத்தில் பணியாரம் சுட்டு விற்கிறவர். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, இத்தனை வருடம் பாட்டியை நானே மறந்திருக்கிறேன். அதனால் கதையை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பிள்ளை கேள்வி கேட்க இடம் விடுங்கள்.

தென்றல்77:

நான் இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். மாற்றாதீர்கள். அச்சில் ஒன்று இருக்க நீங்கள் வேறொன்று படித்தால் எதையோ மறைக்கிறீர்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும், அன்றைக்குத் தெரிந்தும்விட்டது. இருப்பதை அப்படியே படித்துவிட்டு, இது ஏன் இப்படி வந்தது என்று பேசுங்கள். ஏழு வயதுப் பிள்ளை அதைத் தாங்கும். கிரிம் கதையில் ஸ்னோ ஒயிட்டுக்கும் அதே ஏழு வயதுதான், ராணியின் மாயக் கண்ணாடி அவளை அழகி என்று சொல்லும்போது. அப்புறம், அதில் இளவரசன் முத்தமிட்டு எழுப்புவதே கிடையாது. சவப்பெட்டியைத் தூக்கிப் போகிறவர்கள் கால் இடறிக் குலுங்கியதில் தொண்டையில் இருந்த விஷ ஆப்பிள் துண்டு வெளியே விழுந்து பிழைக்கிறாள். முடிவில் ராணியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பு போட்டுச் சாகும்வரை ஆடவைக்கிறார்கள். 1937-இல் வந்த டிஸ்னி படம் செருப்பை விட்டுவிட்டது, முத்தத்தை வைத்தது, சித்தியை மட்டும் தொடவே இல்லை.

மழைமேகம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அதே புத்தகத்தை எடுத்தேன். "சித்தி" என்றே படித்தேன். குரல் கொஞ்சம் தடுமாறியது. அப்புறம், முதலில் எழுதின புத்தகத்தில் அது ஸ்னோ ஒயிட்டின் சொந்த அம்மா, பிறகு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். ரொம்ப நேரம் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். என்னைப் பற்றியோ, அவள் அம்மாவைப் பற்றியோ ஏதாவது கேட்பாள் என்று நான் காத்திருக்க, அவள் கேட்டது, "அப்போ அவங்க அப்பா எங்க போனாரு?"

புத்தகம் முழுக்கப் புரட்டிவிட்டேன். கல்யாணம் செய்த பக்கத்துக்கு மேல் ராஜா எங்கேயும் இல்லை. ராஜா வந்து ஏதாவது செய்கிற மாதிரி பழைய கதை எதுவும் உண்டா?

பழையபுத்தகம்:

உண்டு. அச்சுக்குப் போகும் முன்பு, 1810-இல், சகோதரர்கள் ஒரு கையெழுத்துப் படியை பிரென்டானோ என்ற கவிஞருக்கு அனுப்பினார்கள். அது திரும்பி வரவேயில்லை, பிறகு பிரான்சில் ஓலன்பெர்க் மடாலயத்தில் கிடைத்தது. அந்தப் படியில் இளவரசன் வந்து காப்பாற்றுவதில்லை. வெளியூர் போயிருந்த ராஜா காட்டு வழியாகத் திரும்பி வருகிறார், கண்ணாடிப் பெட்டியில் கிடப்பது தன் மகள் என்று தெரிந்து உடைந்துபோகிறார். கூட வந்த வைத்தியர்கள் அறையின் நான்கு மூலைக்கும் கயிறு கட்டி அவளைப் பிழைக்க வைக்கிறார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள்.

இன்றைக்கு இதைச் சொல்லுங்கள். முடிந்தால் அவள் அப்பாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.