புதுப்பிப்பு: கடை கம்ப்யூட்டர்ல நெட் பாஸ்வேர்ட் தொல்லை ஒழிஞ்சது

போன வாரம் புலம்பியிருந்தேன்ல, சிம்மக்கல் ஜெராக்ஸ் கடைல டெபியன் லினக்ஸ் போட்ட சிஸ்டம், வேலை பாக்குற தம்பியோட யூசர்ல வைஃபை மாத்தணும்னாலே அட்மின் பாஸ்வேர்ட் கேக்குது, நான் திருமங்கலத்துலருந்து போன்ல ஒவ்வொரு எழுத்தா சொல்ல வேண்டியிருக்குன்னு. சரியாயிருச்சு.

நெட் செட்டிங்க மாத்த அனுமதி உள்ள நெட்டெவ் (netdev) குரூப்ல அவன் யூசர சேக்கச் சொல்லி இங்க சொன்னீங்க, சேத்தேன், அப்பயும் அதே பாஸ்வேர்ட் பெட்டி வந்து நின்னுச்சு, கடுப்பாகி அரை நாள், எதுக்கு பாஸ்வேர்ட் கேக்கணும்னு முடிவு பண்ற பாலிசிகிட் ஃபைல நோண்டிக்கிட்டு கெடந்தேன். கடைசில அவன் யூசர்ல டெர்மினல்ல ஐடின்னு (id, எந்தெந்த குரூப்ல இருக்கோம்னு காட்டுற கமாண்ட்) அடிச்சுப் பாத்தா லிஸ்ட்ல நெட்டெவ்வே இல்ல. லாக்அவுட் பண்ணி திரும்ப உள்ள வந்தாத்தான் புது குரூப்ப எடுத்துக்குமாம், இத மொதல்லயே ஒருத்தர் சொல்லியிருக்கலாம்!

இன்னொன்னு, பழைய கனெக்‌ஷன் என் யூசருக்கு மட்டும்னு சேவ் ஆயிருந்துச்சு. நெட்வொர்க் செட்டிங் எடிட்டர்ல ஜெனரல் டேப்ல எல்லா யூசருக்கும்ங்குற டிக்க போட்டு, பாஸ்வேர்ட் கட்டத்து ஓரத்துல இருக்க குட்டி ஐகான அமுக்கி அதையும் எல்லாருக்கும்னு மாத்திட்டேன்.

சிஸ்டத்துல எதையும் மாத்தற முழு அட்மின் அதிகாரம் குடுக்குற சூடோ (sudo) குரூப்லயே சேத்துவிடுங்கண்ணேன்னு ஒரு தம்பி சொன்னாப்ல. நெட்டுக்காக கல்லாச் சாவியவே குடுக்கறதா, அது நான் செய்யல.

இன்னைக்கு காலைல கரண்ட் போயி மோடம் படுத்துருச்சு, பையன் அவனே போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாத்திக்கிட்டான். எனக்கு கால் வரல.