அமிகா 500: நினைவக அட்டையைச் செருகினால் ஃபிளாப்பியில் கோப்புகள் கெடுகின்றன

பழைய கணினிகளைப் பழுதுபார்க்கும் நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் கிக்ஸ்டார்ட் 1.3 (சில்லில் பதிந்த தொடக்க மென்பொருள்) கொண்ட அமிகா 500 என்ற பழைய கமடோர் வீட்டுக் கணினி இருக்கிறது. அடிப்புறத்தில் 512 கேபி கூடுதல் நினைவக அட்டையைச் செருகியிருக்கிறேன். அதில் தயாரித்தவர் பெயர் எதுவும் இல்லை.

அட்டை இல்லாதபோது 880 கேபி ஃபிளாப்பிகளில் எழுதுவதும் படிப்பதும் சரியாகவே நடக்கின்றன. அட்டையைச் செருகி, கோப்புகளை ராம் டிஸ்க் (நினைவகத்தின் ஒரு பகுதியையே வட்டுபோல் பயன்படுத்துவது) வழியாக நகலெடுத்தால் சில கோப்புகள் கெட்டுப்போகின்றன. எரிச்சல் என்னவென்றால், வட்டு எந்தப் பிழையும் காட்டுவதில்லை! அமிகாவின் பழைய கோப்பு முறையில் (OFS) வட்டின் ஒவ்வொரு தொகுதியிலும் 488 பைட் தரவுடன் ஒரு சரிபார்ப்பு எண்ணும் எழுதப்படுகிறது. நினைவகத்திலேயே தரவு கெட்டுவிட்டால், கெட்ட தரவுக்கே அந்த எண் கணக்கிடப்படும். ஆகவே டிரைவின் மீது எனக்குச் சந்தேகம் இல்லை.

அட்டையில் உள்ள கடிகாரத்துக்கான நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, அருகில் உள்ள செப்புத் தடங்கள் பச்சை பூத்திருக்கின்றன. பேட்டரியைக் கழற்றி, தடங்களை வினிகரால் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவிவிட்டேன். சிக்கல் தீரவில்லை.

அட்டை செருகிய நிலையில் 5 வோல்ட் அழுத்தத்தை அளக்க மதர்போர்டில் எந்த இடம் நம்பகமானது? மின்வழங்கி தளர்ந்தாலும் இப்படி நேருமா? எந்தச் சில்லு பழுது என்று பிட் அளவில் காட்டும் சோதனை நிரல் எதையாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? புது அட்டை வாங்கச் சொல்லாதீர்கள். இதையே பிழைக்க வைக்கப் பார்க்கிறேன். மூல வட்டுகளை எழுதவிடாமல் பூட்டியே வைத்திருக்கிறேன், அதனால் துணிந்து சோதிக்கலாம்.