ஒருசந்தி பிடித்தால் தன்னை மறுத்தது ஆகுமா?

களுவாஞ்சி வாசகன்:
தவக்காலம் கிட்டுது. இயேசுவின் பின்னே வர விரும்புகிறவன் என்ன செய்யவேணும் என்று சொல்லும் மாற்கு 8:34, பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் "தன்னைத்தான் வெறுத்து" சிலுவையை எடுக்கவேணும் என்று இருக்கு. புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "தன்னலம் துறந்து". இரண்டும் ஒன்றா? நாற்பது நாளும் ஒருசந்தி (நாளுக்கு ஒரு முழுச் சாப்பாட்டோடு இருக்கும் நோன்பு) பிடிக்கிறவர் இந்த வசனத்துக்குக் கீழ்ப்படிந்தவர்தானா? படித்தவர்கள் சொல்லுங்க.

கல்லடி மெதடிஸ்ட்:
இரண்டுமே மூலத்துக்கு முழுசாகப் பொருந்தவில்லை தம்பி. அங்கே வருகிற கிரேக்க வினையே மாற்கு 14:30இலும் வருது, சேவல் கூவ முதல் பேதுரு செய்யப்போவதைச் சொல்லும் இடத்தில். அதை நம்மட வேதாகமம் "மறுதலிப்பாய்" என்று சரியாகவே எழுதியிருக்கு. "அந்த மனுஷனை அறியேன்" என்று பேதுரு சொன்னாரே, அதைத் தனக்குத்தானே சொல்வதுதான் 8:34. 'என்ட விருப்பம், என்ட மானம்' என்று உள்ளே பேசுகிற ஆளுக்கு இனி இந்த வீட்டில் சொல் இல்லை.

"வெறுத்து" லூக்கா 14:26க்கு உரிய சொல், அங்கே கிரேக்கத்திலும் வேறு வினை. இரண்டும் தமிழில் ஒன்றாகிப்போனதால், உடம்பை வெறுப்பதே பக்தி என்ற எண்ணம் நமக்குள்ளே ஊறிவிட்டது. வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டுப்போட்டு வாவி நண்டும் இறாலும் குழம்பாக வைத்தால் சட்டத்தில் குற்றமில்லை. ஆனா அந்த மேசையில் மறுக்கப்பட்டது எது? உடம்பை ஒடுக்குவது ஞானம் போலத் தெரிந்தாலும் மாம்ச இச்சையை அடக்க உதவாது என்று கொலோசெயர் 2:23 எச்சரிக்குது.

புளியந்தீவு நேசன்:
சொல் விளக்கத்தை ஏற்கிறேன் அண்ணன், முடிவை ஏற்கமாட்டேன்.

முதலில் கத்தோலிக்க ஒழுங்கைச் சரியாக வைப்போம். ஒருசந்தி கட்டாயமான நாட்கள் இரண்டே இரண்டு, விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயது முடிந்தவரிலிருந்து 59 முடியும் மட்டும். ஒரு முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டளவுக்கு வரப்படாது. சுத்தபோசனம், அதாவது இறைச்சியை விடுவது, 14 வயதிலிருந்து. விபூதிப் புதன் முதல் பெரிய சனி மட்டும் 46 நாள். ஆறு ஞாயிறைக் கழித்தால்தான் 40. மற்ற நாட்களில் பிடிப்பது அவரவர் விருப்பம்.

பிழை வருவது எங்கே என்றால், பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு இரவில் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவதில். இன்னொன்று காசு. விட்ட சாப்பாட்டின் காசை அன்றன்றே தவக்கால உண்டியலில் போடவேணும். கடைசி வாரம் மொத்தமாகப் போடலாம் என்று வைத்தால் வீட்டுச் செலவில் கரைந்துபோகும், நம்மட பசியால் இன்னொருவர் வயிறு நிறையவும் மாட்டாது.

இறால் விஷயத்தில் நீங்க சொன்னது சரி. அதுக்காக நோன்பையே தள்ளுவதா? 1 கொரிந்தியர் 9:25–27இல் பவுல் பந்தயக்காரரின் அடக்கத்தைச் சொல்லித்தான் தன் உடம்பைக் கீழ்ப்படுத்துவதைப் பேசுகிறார். சின்ன விஷயத்தில் 'இல்லை' சொல்லிப் பழகாதவன் பெரிய விஷயத்தில் சொல்லுவானா?

அக்கரைப்பற்று அக்கா:
இரண்டு பேரும் ஆண்களுக்கு எழுதுற மாதிரி இருக்கு. நம்மட வீடுகளில் கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் யார்? அவளுக்கு "இன்னும் கொஞ்சம் ஒறுத்துக்கொள்" என்பது நற்செய்தி இல்லை. அதைவிட மோசம், அடிக்கிற புருசனோடு இருக்கிறவளிடம் "இது உன்ட சிலுவை, பொறுத்துக்கொள்" என்பது. யோவான் 10:18ஐப் பாருங்க: என் உயிரை ஒருவரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை, நானே கொடுக்கிறேன் என்கிறார் ஆண்டவர். தானாக எடுத்தால்தான் சிலுவை. அடுத்தவன் கை ஓங்கினால் அது அவனுடைய பாவம். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்கள் உதவி இலக்கம் 1938. ஃபாதரும் பாஸ்டரும் இதையும் பிரசங்கத்தில் சொல்லவேணும்.

உடம்பு விஷயமும் சொல்லவேணும். சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) இன்சுலினோ கிளிபென்கிளமைட் குளிசையோ எடுக்கிறவர் வைத்தியரைக் கேட்காமல் சாப்பாட்டை விடப்படாது. கை நடுங்கி, வேர்த்து, கண் மங்கினால் உடனே இரத்தத்தில் சீனி அளவைப் பாருங்க. 70 mg/dLக்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனி தண்ணியில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுகாப் பாருங்க. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் நோயாளிக்கும் திருச்சபையே விலக்குத் தந்திருக்கு. தண்ணியும் மருந்தும் ஒருசந்தியை முறிக்காது. பங்குனி வெயிலில் தண்ணியை விடுகிறவர்கள் மயங்குவதுதான் மிச்சம். தேத்தண்ணியை விட நினைத்தால் ஒரு வாரம் முந்தியே குறைத்து வாங்க. ஒரேயடியாக நிறுத்தினால் தலையிடி வரும்.

கல்லடி மெதடிஸ்ட்:
தங்கச்சி, சிலுவையைப் பற்றி நீங்க சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நேசன் கேட்ட 'பெரிய விஷயத்துக்கு' வருவோம். கத்தோலிக்கரிலிருந்தே சொல்றேன்: யூஜின் ஹேபர்ட் அடிகளார், அமெரிக்கர், இயேசு சபையார். 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த இளைஞரோடு காணாமற்போனார். சண்டை நடந்த அந்த நாட்களில் அந்த றோட்டால போக யாரும் அவரைக் கட்டாயப்படுத்தியிருக்கேலாது. அதுதான் மறுதலிப்பு. அதை உண்டியலில் எண்ணேலாது.

புளியந்தீவு நேசன்:
அவர் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினவர் அண்ணன். போட்டி நாளில் மட்டும் ஓடினால் கால் வராது என்று அவருக்குத் தெரியும். நோன்பை நான் அந்தப் பயிற்சியாகத்தான் சொல்றேன். பயிற்சியே போட்டி என்று சொல்லவில்லை.

கல்லடி மெதடிஸ்ட்:
அப்ப பயிற்சி எதில் தொடங்கவேணும்? நாம நோன்பிருந்தும் நீர் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டவர்களுக்கு ஏசாயா 58:3இல் கிடைத்த பதில், நோன்பு நாளிலேயே வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள் என்பது. யாக்கோபு 5:4 இன்னும் நேரே சொல்லுது: வயல் அறுத்தவரின் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுது. பெரும்போக நெல் அறுவடையும் தவக்காலமும் நம்மட பக்கத்தில் அனேகமாக ஒன்றாகத்தான் வருது. நெல்லு விற்றபிறகு தாறேன் என்று கூலியைத் தள்ளிப்போட்டவர் பிடிக்கிற ஒருசந்தி யாருக்கு?

அக்கரைப்பற்று அக்கா:
வெயிலில் அறுத்த கதிரை உப்பட்டி கட்டுகிறவரைப் பட்டினி கிடக்கச் சொல்லவும் ஏலாது. கடும் உடல்வேலைக்காரருக்கு மரபாகவே விலக்கு இருக்கு.

புளியந்தீவு நேசன்:
இதில் எனக்கு மறுப்பில்லை. வயல்காரர்கள் விபூதிப் புதனுக்கு முதல் கூலிக் கொப்பியை எடுத்து, பெயர் பெயராகப் பார்த்து நிலுவையைத் தீர்க்கட்டும். நெல்லு விலைப்படவில்லை என்றால் இருக்கிறதில் பாதியாவது அன்றே கையில் கொடுக்கட்டும். ஒருசந்தியை அதுக்குப் பிறகு தொடங்கலாம். ஆனா அண்ணன், தொடங்கத்தான் வேணும்.